பிள்ளைக்கு மைனஸ் பவர் ஏறுகிறதா? மயோபியா கட்டுப்பாட்டுக் கண்ணாடி வாங்கும் முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

போன வருடம் மைனஸ் ஒன்று, இந்த வருடம் மைனஸ் ஒன்றே முக்கால், அடுத்த வருடம் எங்கே போய் நிற்குமோ என்ற கவலையோடு கண்ணாடிக் கடைக்குப் போகும் பெற்றோரிடம் இப்போது மயோபியா (கிட்டப்பார்வை) கட்டுப்பாட்டு லென்ஸ் என்று புதிதாக ஒன்றைக் காட்டுகிறார்கள். "இதைப் போட்டால் பவர் ஏறாது" என்கிறார்கள். விலையைக் கேட்டால் வழக்கமான கண்ணாடியைப் போல ஐந்து, ஆறு மடங்கு இருக்கிறது. வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் "ஏறாது" என்பது பொய். ஏறும் வேகம் குறையும், அவ்வளவுதான். அந்தக் குறைவும் தானாக வந்துவிடாது. சொட்டு மருந்து போடாமல் எடுத்த பவர், மூக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும் ஃபிரேம், பாதி நாள் பைக்குள் கிடக்கும் கண்ணாடி: இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் கொடுத்த பணத்துக்கு வெறும் சாதாரணக் கண்ணாடிதான் கிடைத்ததாக ஆகும். கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்யுங்கள்.

இந்த லென்ஸ் கண்ணுக்குள் என்ன செய்கிறது?

கிட்டப்பார்வை உள்ள கண் முன்பின்னாக நீண்டுபோன கண். பிறக்கும்போது சுமார் 17 மி.மீ. இருக்கும் விழி, வளர்ந்தபின் 23.5 மி.மீ. அளவில் நிற்க வேண்டும். அதைத் தாண்டி நீளும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏறக்குறைய இரண்டரை மைனஸ் பவர் சேரும். சாதாரண மைனஸ் லென்ஸ் நேர்ப்பார்வையைத் தெளிவாக்கும். ஆனால் விழித்திரையின் ஓரங்களில் பிம்பம் திரைக்குப் பின்னால் விழும்படி விட்டுவிடும். வளரும் கண் அதை "இன்னும் நீள வேண்டும்" என்ற சைகையாக எடுத்துக்கொள்கிறது.

மயோபியா கட்டுப்பாட்டு லென்ஸை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். நடுவில் சட்டைக் காலர் பொத்தான் அளவுக்கு, பெரும்பாலும் சுமார் 9 மி.மீ. அகலத்தில், எந்தக் கோடும் புள்ளியும் இல்லாத வட்டம் தெரியும். அதைச் சுற்றி நுண்ணிய புள்ளிகள், தேன்கூடு போலவோ அடுக்கடுக்கான வளையங்கள் போலவோ இருக்கும். நடு வட்டத்தில் இருப்பது பிள்ளையின் பவர். சுற்றியுள்ள நுண்வில்லைகள் கொஞ்சம் வெளிச்சத்தை விழித்திரைக்கு முன்னாலேயே குவிக்கின்றன. கண்ணுக்குப் போகும் சைகை இப்போது "போதும், நீளாதே" என்று மாறுகிறது.

ஆகவே நேராகப் பார்க்கும்போது பிள்ளைக்குச் சாதாரணக் கண்ணாடி போலவே தெளிவாகத் தெரியும். கடைக்கண்ணால் பார்க்கும்போது லேசான மங்கல் இருக்கும். அந்த மங்கல்தான் மருந்து. அதை லென்ஸின் கோளாறு என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

## 1. பவரைச் சொட்டு மருந்து போட்டு எடுங்கள்

பிள்ளைகளின் கண்ணுக்குள் இருக்கும் குவியத் தசை வலுவானது. கம்ப்யூட்டர் மெஷினில் முகத்தை வைத்ததும் இறுகிக்கொள்ளும். இல்லாத மைனஸை இருப்பதாகக் காட்டும், இருப்பதைக் கூட்டியும் காட்டும். அந்தச் சீட்டை வைத்து லென்ஸ் செய்தால் தேவைக்கு மேலான பவரைப் பிள்ளை நாள் முழுக்கச் சுமக்க வேண்டியிருக்கும்.

ஆகவே முதல் சோதனை கண் மருத்துவரிடம், தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து போட்டு நடக்க வேண்டும். சைக்ளோபென்டோலேட் அல்லது ஹோமட்ரோபின் போடுவார்கள். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு அட்ரோபின் களிம்பை வீட்டில் சில நாள் போட்டுவிட்டு வரச் சொல்வதும் உண்டு. கவனிக்க வேண்டிய ஒன்று: கண்மணியை மட்டும் விரிக்கும் மருந்தும் இருக்கிறது. கண்மணி விரிந்துவிட்டதால் தசை தளர்ந்துவிட்டது என்று ஆகாது. "பவர் பார்க்கத்தானே சொட்டு மருந்து போடுகிறீர்கள்?" என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நேரக் கணக்கு: சில நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று முறை சொட்டு, பிறகு அரை மணி முதல் முக்கால் மணி வரை காத்திருப்பு, அதன்பின் சோதனை. அரை நாள் போய்விடும். சைக்ளோபென்டோலேட் என்றால் மறுநாள் வரையும், ஹோமட்ரோபின் என்றால் இரண்டு மூன்று நாள் வரையும் புத்தகம் படிக்க மங்கலாக இருக்கும், வெயில் கூசும். அட்ரோபின் களிம்பு என்றால் ஒன்றிரண்டு வாரம்கூட நீடிக்கும். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் போகாதீர்கள். சனிக்கிழமை காலை நல்லது. ஒரு தொப்பி எடுத்துப் போங்கள்.

கையில் கொண்டுபோக வேண்டியவை:

- இதுவரையிலான எல்லாப் பவர் சீட்டுகளும், தேதியோடு. ஒன்றும் இல்லையென்றால் பழைய கண்ணாடிகளையே கொண்டுபோங்கள். லென்ஸோமீட்டரில் வைத்து அவற்றின் பவரைப் படித்துவிடலாம்.
- அப்பா, அம்மா இருவரின் கண் பவர். இருவருக்கும் மைனஸ் என்றால் பிள்ளைக்கு வேகமாக ஏறும் வாய்ப்பு அதிகம்.
- ஒவ்வாமை, ஆஸ்துமா, வலிப்பு போன்றவை இருந்தால் அந்த மருந்துச் சீட்டுகள்.

## 2. கண்ணின் நீளத்தை அளந்த பிறகே ஆர்டர் கொடுங்கள்

பலர் தவறவிடும் படி இதுதான். பிறகு திரும்பிப் போய்ச் செய்யவும் முடியாது. லென்ஸ் வேலை செய்கிறதா என்று பவரை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. பிள்ளை சோர்வாக இருந்தால், சோதிப்பவர் மாறினால், கால் பவர் (0.25) முன்பின் போகும். கண்ணின் நீளம் அப்படி ஆடாது. ஆப்டிகல் பயோமீட்டர் என்ற கருவி கண்ணைத் தொடாமல், சில விநாடிகளில், மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு வரை துல்லியமாக அளந்துவிடும். வலி கிடையாது, சொட்டு மருந்தும் தேவையில்லை. கண்புரை அறுவைக்கு முன் பெரியவர்களுக்கு எடுக்கும் அதே அளவுதான். கண்புரை அறுவை நடக்கும் மருத்துவமனைகள் பலவற்றில் இந்தக் கருவி இருக்கும்.

கண்ணைத் தொட்டு அளக்கும் பழைய அல்ட்ராசவுண்ட் முறை இதற்குப் போதாது. அதில் வரும் பிழையே ஒரு வருட வளர்ச்சி அளவுக்கு இருக்கும். எந்தக் கருவியில் முதலில் அளந்தீர்களோ அதே கருவியில்தான் அடுத்த அளவுகளையும் எடுக்க வேண்டும். வலது, இடது இரண்டின் எண்ணையும் இரண்டு தசமத்தோடு எழுதி வாங்குங்கள்: "வலது 24.10, இடது 24.04" என்பதுபோல. "நீளம் நார்மல்" என்று எழுதிய சீட்டால் ஒரு பயனும் இல்லை.

## 3. உங்கள் பிள்ளைக்கு இது பொருந்துமா?

கிட்டத்தட்ட 6 வயதில் தொடங்கி 12, 13 வயது வரை, பவர் ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்குத்தான் இந்த லென்ஸால் அதிகப் பயன். சிறு வயதில்தான் கண் வேகமாக நீளும். 7 வயதில் மைனஸ் ஒன்று என்பது 13 வயதில் மைனஸ் ஒன்று என்பதைவிட அதிகக் கவலைக்குரியது. பிந்தையது அங்கேயே நின்றுவிடக்கூடும். முந்தையதற்கு முன்னால் இன்னும் பல வருட வளர்ச்சி இருக்கிறது.

இந்த லென்ஸை வாங்குவதற்கு முன் வேறு காரணம் தேட வேண்டிய நிலைமைகளும் உண்டு.

சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வரும் பவர்) ஏறிக்கொண்டே போகிறது, பிள்ளை கண்ணை ஓயாமல் கசக்குகிறது என்றால் கருவிழி கூம்பாகிறதா என்று டோப்போகிராஃபி (கருவிழியின் வளைவை வரைபடமாக எடுக்கும் சோதனை) எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊர் வெயிலுக்கும் தூசிக்கும் கண் ஒவ்வாமை சகஜம். கசக்கிக் கசக்கியே கருவிழி மெலிந்துபோகும் பிள்ளைகள் உண்டு. நுண்வில்லை லென்ஸால் அதைத் தடுக்க முடியாது. மூன்றே மாதத்தில் ஒரு முழு பவர் தாவியிருந்தால் தசை இறுக்கம், சர்க்கரை நோய் போன்றவற்றை முதலில் விலக்க வேண்டும். 5 வயதுக்குள்ளேயே பெரிய மைனஸ் இருந்தால் விழித்திரையையும் உடலையும் முழுதாகப் பரிசோதிக்க வேண்டும். மாறுகண், சோம்பேறிக் கண் உள்ள பிள்ளைகளுக்குக் குழந்தைகள் கண் மருத்துவர் சொல்லாமல் போடாதீர்கள்.

பள்ளிக் கண் பரிசோதனையில் அரசு இலவசமாகக் கொடுக்கும் கண்ணாடி சாதாரண லென்ஸ். அது கட்டுப்பாட்டு லென்ஸ் ஆகாது என்றாலும், இதை வாங்கும்வரை அதைப் போடாமல் வைத்திருக்காதீர்கள். மங்கலாகவே விட்டுவைப்பது எந்த வகையிலும் நல்லதல்ல.

இந்த இடத்தில் சில வீட்டு நம்பிக்கைகளையும் தீர்த்துக்கொள்வோம். "கண்ணாடி போட்டால் கண் பழகிவிடும், பவரைக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். 2002-இல் வெளியான மலேசிய ஆய்வில், வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கொடுத்த பிள்ளைகளுக்குத்தான் அதிகமாக ஏறியது. பொன்னாங்கண்ணியும் கேரட்டும் நல்ல உணவு, தாராளமாகக் கொடுங்கள். நீண்ட கண்ணை அவை குறுக்காது. "புளூ கட்" கோட்டிங்குக்கும் மைனஸ் ஏறுவதற்கும் சம்பந்தம் இல்லை.

## 4. எந்த லென்ஸ், எவ்வளவு பணம்?

இந்தியாவில் பரவலாகக் கிடைப்பவை மூன்று: ஹோயாவின் மியோஸ்மார்ட், எஸ்ஸிலாரின் ஸ்டெல்லெஸ்ட், ஸைஸின் மியோகேர். மியோஸ்மார்ட் ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவானது. அதில் ஒவ்வொன்றும் ஒரு மி.மீ. அளவுள்ள சுமார் 400 நுண்வில்லைகள் இருக்கின்றன. ஸ்டெல்லெஸ்டில் 11 வளையங்களில் 1021 நுண்வில்லைகள். மியோகேரில் வளைய வளையமான நுண்வரிகள். 10 வயதுக்குக் கீழ் ஒன்று, மேல் ஒன்று என இரண்டு வடிவம்.

விளம்பரத்தில் வரும் சதவீதத்தை எப்படிப் படிப்பது? மியோஸ்மார்ட் ஆய்வில், இரண்டு வருடத்தில் சாதாரண லென்ஸ் போட்ட பிள்ளைகளுக்குச் சராசரியாக 0.85 ஏறியது, இதைப் போட்டவர்களுக்கு 0.41. ஸ்டெல்லெஸ்டுக்குச் சீனாவின் வென்சோவில் நடந்த ஆய்வில் 1.46-க்கு எதிராக 0.66. இரண்டிலும் 8 முதல் 13 வயதுப் பிள்ளைகள். "பாதியாகக் குறைகிறது" என்பதன் பொருள் இதுதான். உங்கள் பிள்ளைக்கு அதைவிட அதிகமாகவும் கிடைக்கலாம், குறைவாகவும் கிடைக்கலாம். ஏற்கெனவே உள்ள பவரில் ஒரு புள்ளிகூட இறங்காது. அரை பவருக்கா இத்தனை ஆயிரம் என்று தோன்றும். ஆனால் கடைசியில் நின்றுபோகும் பவர் ஒரு டயாப்டர் (பவரின் அலகு; மைனஸ் ஒன்று என்றால் ஒரு டயாப்டர்) குறைந்தாலே, பிற்காலத்தில் விழித்திரையின் நடுப்பகுதி கெடும் ஆபத்து சுமார் 40 சதவீதம் குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மைனஸ் ஆறைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதுதான் இதில் உண்மையான லாபம்.

மூன்றில் எது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஃபிரேமைச் சரியாகப் பொருத்தி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொடர்ந்து பார்க்கும் இடம் எதுவோ, அங்கே எது கிடைக்கிறதோ அதையே எடுங்கள்.

பணக் கணக்கு: லென்ஸ் ஜோடி பத்தாயிரத்துக்கு மேல் தொடங்கும், வகையையும் கோட்டிங்கையும் பொறுத்து இருபதாயிரத்தையும் தாண்டலாம். ஃபிரேம் தனி. 2025 செப்டம்பர் 22 முதல் பவர் கண்ணாடிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் போட்ட பில்லை ஏற்காதீர்கள். மருத்துவக் காப்பீட்டில் பொதுவாகக் கண்ணாடிச் செலவு கிடைக்காது. முக்கியமாக, இது ஒருமுறைச் செலவு அல்ல. பவர் அரை டயாப்டர் மாறினால் லென்ஸ் மாற்ற வேண்டும். சின்னப் பிள்ளை என்றால் வருடத்துக்கு ஒரு ஜோடி என்று வைத்துக்கொண்டு மூன்று நான்கு வருடத்துக்குக் கட்டுப்படியாகுமா என்று பாருங்கள். முதல் வருடம் வாங்கிவிட்டு, பழைய பவரோடு மூன்று வருடம் ஓட்டுவதில் பயன் குறைவு.

ஆர்டருக்கு முன் பில்லில் எழுதி வாங்க வேண்டியவை: லென்ஸின் முழுப் பெயர், இரு கண்ணின் பவரும் ஆக்ஸிஸும் (சிலிண்டர் பவர் இருக்கும் கோணம்), ஆறு மாதத்துக்குள் பவர் மாறினால் என்ன சலுகை, கீறல் விழுந்தால் எத்தனை மாத வாரன்டி. "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்ற வாய்வார்த்தை மறுபடி போகும்போது நிற்காது.

ஒரு பொறி: சில கடைகளில், தூரத்துக்கும் படிப்புக்கும் வெவ்வேறு பவர் வைத்த பைஃபோகலையோ புரோகிரஸிவையோ "மயோபியா லென்ஸ்" என்று சொல்லிக் குறைந்த விலைக்குத் தருவார்கள். புரோகிரஸிவ் லென்ஸால் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பயன் மிகச் சொற்பம் என்பது இருபது வருடங்களுக்கு முன்பே பெரிய ஆய்வில் தெரிந்துவிட்டது. பெயரைக் கேளுங்கள், பெட்டியைப் பாருங்கள், அத்தாட்சி அட்டை கேளுங்கள்.

## 5. ஃபிரேமும் அளவுகளும்: மொத்தப் பணமும் நிற்கும் இடம்

நடு வட்டம் 9 மி.மீ. என்றால், மையத்திலிருந்து விளிம்புக்கு நாலரை மி.மீ.தான். பிள்ளையின் கண்மணி 4 மி.மீ. அகலம் என்று வையுங்கள். கண்ணாடி மூக்கில் 5 மி.மீ. சரிந்தால், கண்மணியில் பாதிக்கு மேல் நுண்வில்லைப் பகுதி வழியாகப் பார்க்க வேண்டியிருக்கும். கரும்பலகை மங்கும். பிள்ளை தலையை அண்ணாந்து பார்க்கும், அல்லது கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும். இரண்டு வாரத்தில் "இது நல்லாவே இல்லை" என்று கழற்றி வைத்துவிடும். குற்றம் லென்ஸில் இல்லை, மூக்கில் இருக்கிறது.

நம் பிள்ளைகள் பலருக்கு மூக்குத்தண்டு தாழ்ந்திருக்கும். ஒரே வார்ப்பாக வரும் பிளாஸ்டிக் ஃபிரேம் அதில் நிற்காது. சித்திரை வெயிலில் வியர்த்தால் பத்து நிமிடத்தில் உதட்டுக்கு வந்துவிடும். வளைத்துச் சரிசெய்யக்கூடிய, சிலிக்கான் மூக்குத் தாங்கி உள்ள ஃபிரேம் எடுங்கள். காதுக்குப் பின்னால் மாட்டும் சிலிக்கான் கொக்கியும் சேர்த்து வாங்குங்கள். அதற்கு ஆகும் செலவு சொற்பம்.

"வளர்கிற பிள்ளை, கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்" என்று யூனிஃபார்ம் வாங்குவது போல ஃபிரேம் வாங்காதீர்கள். கண்மணி ஒவ்வொரு லென்ஸின் நடுவுக்கு அருகில் வர வேண்டும். ஃபிரேம் முகத்தின் அகலத்தைத் தாண்டக் கூடாது. நுண்வில்லைப் பகுதியே நடுவைச் சுற்றி முப்பது சொச்சம் மி.மீ. அகலம்தான். மெல்லிய செவ்வக ஃபிரேமில் அதன் மேலும் கீழும் வெட்டுப்பட்டு வெளியே போய்விடும். கொடுத்த மருந்தில் பாதியைக் கொட்டிவிட்ட மாதிரி. வட்டமாகவோ, போதிய உயரத்தோடோ இருப்பது நல்லது.

அளவு எடுக்கும்போது பக்கத்தில் நின்று இவற்றைப் பாருங்கள்:

- மூக்கின் நடுவிலிருந்து வலது கண்மணிக்கு எவ்வளவு, இடது கண்மணிக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எடுக்கிறாரா? மொத்தமாக 58 என்று எடுத்து 29, 29 என்று பிரித்தால் ஏற்காதீர்கள். 28, 30 ஆக இருக்கலாம்.
- தேர்ந்தெடுத்த அதே ஃபிரேமை முகத்தில் மாட்டி, மூக்குத் தாங்கியைச் சரிசெய்த பிறகு, கண்மணியின் உயரத்தை, ஃபிரேமோடு வரும் பவர் இல்லாத லென்ஸில் பேனாவால் குறிக்கிறாரா? சரிசெய்வதற்கு முன் குறித்தால் அந்த உயரம் தவறு.
- அளப்பவர் பிள்ளையின் கண் மட்டத்துக்குக் குனிந்து எடுக்கிறாரா? நின்றபடி மேலிருந்து பார்த்தால் எண் பிசகும்.

இவற்றில் ஒன்றைக்கூட எடுக்காமல் "பழைய கண்ணாடி அளவே போதும்" என்று சொல்லும் கடையில் இந்த லென்ஸை வாங்காதீர்கள். ஆன்லைனில் வாங்குவதும் இதனாலேயே கூடாது.

## 6. கண்ணாடி வந்த அன்று, கடையை விட்டு வெளியேறும் முன்

ஆர்டர் கொடுத்தபின் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். வாங்கப் போகும்போது பிள்ளையைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். லென்ஸில் மையத்தைக் காட்டும் அழியக்கூடிய குறி இருக்கும்; அதைத் துடைக்காமல் தரச் சொல்லி முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பிள்ளைக்கு மாட்டி, உங்கள் செல்போனை அதன் கண் மட்டத்தில் பிடித்து, நேராகப் பார்க்கச் சொல்லி ஒரு படம் எடுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் குறி கண்மணியின் நடுவில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இரண்டு மி.மீ.க்கு மேல் விலகியிருந்தால் ஃபிரேமைச் சரிசெய்யச் சொல்லுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள். குறியை அழித்த பிறகு இதை நிரூபிப்பது கடினம்.

பிறகு நடு வட்டத்தின் பவரை லென்ஸோமீட்டரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சீட்டோடு ஒப்பிடுங்கள், குறிப்பாக சிலிண்டரின் ஆக்ஸிஸை. பெட்டி, அத்தாட்சி அட்டை, பில் மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

## 7. முதல் இரண்டு வாரம்

பெரும்பாலான பிள்ளைகள் சில நாளில் பழகிவிடுவார்கள். ஆரம்பத்தில் "ஓரமா புகை மாதிரி இருக்கு", "லைட்டைச் சுத்தி வட்டம் தெரியுது" என்று சொல்லும். நடு வட்டம் வழியாகப் பார்க்க, கண்ணை மட்டும் உருட்டாமல் தலையையும் சேர்த்துத் திருப்பக் கற்றுக்கொள்ள வேண்டும். அதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, உடம்பே கற்றுக்கொள்ளும்.

படிக்கும்போதுதான் சிக்கல் வரும். முகத்தை நிமிர்த்தி வைத்துக் கண்ணை மட்டும் கீழே இறக்கிப் படித்தால் பார்வை நுண்வில்லைப் பகுதிக்குள் போய்விடும், எழுத்து லேசாக மங்கும். சாய்வு மேசையோ புத்தகத் தாங்கியோ வைத்துப் புத்தகத்தை உயர்த்திக் கொடுங்கள். தரையில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதும் பழக்கம் இருந்தால் அதை மாற்றுங்கள். தூரமும் ஒரு முழங்கை அளவுக்குக் குறையக் கூடாது.

முதல் வாரம் சைக்கிளில் சாலைக்கு அனுப்ப வேண்டாம். பக்கவாட்டில் வரும் வண்டியைக் கடைக்கண்ணால் கணிப்பதில் தடுமாற்றம் இருக்கும். படிக்கட்டிலும் கவனம். விடுமுறை பக்கத்தில் இருந்தால் அப்போது தொடங்குவது சுலபம். அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். வகுப்பாசிரியரிடம் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்: கண்ணாடியைக் கழற்றச் சொல்ல வேண்டாம், விளையாட்டு நேரத்திலும் போட்டிருக்கலாம், நீச்சலுக்கு மட்டும் கழற்றினால் போதும்.

இரண்டு வாரத்துக்குப் பிறகும் நேர்ப்பார்வை மங்கல், தலைவலி, இரட்டையாகத் தெரிவது இருந்தால் பொறுத்துப் போகச் சொல்லாதீர்கள். முதலில் ஃபிரேம் சரிந்திருக்கிறதா பாருங்கள், பிறகு பவரை மறுபடி சோதியுங்கள். காரணம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

## 8. தினமும் 12 மணி நேரம்

வென்சோ ஆய்வில், தினமும் குறைந்தது 12 மணி நேரம் போட்டவர்களுக்கு மொத்தச் சராசரியைவிட நல்ல பலன் கிடைத்தது. காலையில் பல் துலக்கியதும் போட்டு, இரவு படுக்கும்போது கழற்றுவதுதான் ஒரே வழி. "வீட்டில் டிவி பார்க்கத்தானே, எதற்கு" என்று பாட்டி கழற்றி வைப்பார். அவருக்கும் விளக்கிச் சொல்லுங்கள். பழைய சாதாரணக் கண்ணாடி, இது உடைந்தால் போட மட்டும் இருக்கட்டும். கண்ணில் படும் இடத்தில் வைத்தால் பிள்ளை அதைத்தான் எடுக்கும்.

லென்ஸ் பாலிகார்பனேட். எளிதில் உடையாது, எளிதில் கீறும். தண்ணீரில் நனைத்து, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தால் விரலால் தடவிக் கழுவி, மென்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். சட்டை நுனி, டிஷ்யூ, சானிடைசர், வெந்நீர் எதுவும் கூடாது. வெயிலில் நிற்கும் காரின் முன்பலகையில் வைத்தால் கோட்டிங் வெடிக்கும். மாதம் ஒருமுறை கடைக்குப் போய் ஃபிரேமை நிமிர்த்துங்கள். பெரும்பாலும் காசு வாங்க மாட்டார்கள்.

தினமும் இரண்டு மணி நேரம் வெளியில், பகல் வெளிச்சத்தில் விளையாட விடுங்கள். சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினம் 40 நிமிடம் கூடுதல் வெளிவகுப்பு வைத்தபோது, மூன்று வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம்; அந்த வகுப்பு இல்லாத பள்ளிகளில் 39.5 சதவீதம். கண்ணாடி இன்னும் தேவைப்படாத தம்பி, தங்கை வீட்டில் இருந்தால் அவர்களுக்கு இதுதான் முதல் மருந்து. மரநிழலில் விளையாடினாலும் போதும்.

## 9. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் பாருங்கள்

முதல் மாதக் கடைசியில் ஃபிரேமையும் பார்வையையும் சரிபார்க்க ஒருமுறை போங்கள். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்துப் பவரும் கண் நீளமும். கணக்கு இப்படி: 8 வயதுப் பிள்ளைக்குத் தொடக்கத்தில் 24.10 மி.மீ. என்று வையுங்கள். ஆறு மாதத்தில் 24.16 என்றால் வருடத்துக்கு 0.12. கிட்டப்பார்வை இல்லாத பிள்ளைகளின் கண்ணும் அந்த வயதில் வருடத்துக்குச் சுமார் 0.1 நீளும். ஆகவே இது நல்ல செய்தி. 24.30 வந்தால் வருடத்துக்கு 0.4, லென்ஸ் போதவில்லை.

அப்போது உடனே லென்ஸ் கம்பெனியை மாற்றாதீர்கள். பிள்ளை எத்தனை மணி நேரம் போடுகிறது, ஃபிரேம் எங்கே சரிகிறது என்று முதலில் பாருங்கள். அவை சரியாக இருந்தால், இரவில் போடும் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டைச் சேர்ப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஹாங்காங்கில் நடந்த ஆய்வில் 0.01, 0.025, 0.05 சதவீதங்களை ஒப்பிட்டபோது 0.05 அதிகப் பலன் கொடுத்தது. எந்த அளவு என்பது மருத்துவர் முடிவு. மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். பவர் சோதிக்கப் பயன்படும் 1 சதவீத அட்ரோபினும் அதே பெயரில்தான் இருக்கும்.

## 10. எப்போது நிறுத்துவது?

12 வயதானதும் நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வயதைவிட நீள அளவுதான் சொல்லும்: ஆறு மாதத்துக்கு ஒன்றாகத் தொடர்ந்து மூன்று அளவுகள் கிட்டத்தட்ட அசையாமல் இருந்தால் மருத்துவரோடு பேசிச் சாதாரண லென்ஸுக்கு மாறலாம். பெரும்பாலும் அது பதின்பருவத்தின் நடுவில், 16 வயதை ஒட்டி வரும். மாறிய பிறகும் ஒரு வருடத்துக்கு ஆறு மாத அளவை விடாதீர்கள். மறுபடி நீளத் தொடங்கினால் திரும்பப் போட வேண்டியிருக்கும். பவர் மைனஸ் ஆறுக்குப் பக்கத்தில் போய் நின்ற பிள்ளைக்கு, கண்ணாடி எதுவாக இருந்தாலும், வருடத்துக்கு ஒருமுறை கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். திடீரென்று மின்னல் வெட்டுவது போலவோ, கரும்புள்ளிகள் கூட்டமாகப் பறப்பது போலவோ, ஒரு பக்கம் திரை இறங்குவது போலவோ சொன்னால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.